ஜித்தா கோபுரம்: ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

சவுதி அரேபியாவில், செங்கடல் ஓரத்தில் எழும் ஜித்தா கோபுரம் பற்றிக் கேளுங்கள். ஹோட்டல், வீடுகள், அலுவலகம் எல்லாம் ஒரே கட்டடத்தில், 1000 மீட்டருக்கு மேல். என் தொழில் அஸ்திவாரம், வளைகுடாவில் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், போட்டே பாதி ஆயுள் போனது. அதனால் தரைக்குக் கீழே கேட்டால் நிறையப் பேசுவேன், மேலே போகப் போகப் பதில் சுருங்கும்.

தம்மாம் நண்பர்: எப்போது முடியும் சார்?

2013இல் தொடங்கினார்கள், 60 மாடிகளைத் தாண்டி 2018இல் நின்றது, 2025 ஜனவரியில் மறுபடி ஆரம்பம். இலக்கு 2028.

சிவில் மாணவி: முதலில் ஒரு மைல் உயரம் என்றார்களே சார், ஏன் குறைத்தார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மண் ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான் காரணம். ஜித்தா கரையில் பவளச் சுண்ணாம்புக்கல், துளைத்துளையாக இருக்கும். 270 பைல் இறக்கியிருக்கிறார்கள், நீளமானவை 100 மீட்டருக்கும் மேல், அதன்மேல் 5 மீட்டர் வரை கனமான ராஃப்ட், எல்லா பைலையும் மூடும் கான்கிரீட் பலகை. இத்தனை ஆழம் போய்க் கெட்டிப் பாறையில் கால் ஊன்றி நிற்கிறது என்று நினைக்காதேம்மா. பக்கவாட்டு உராய்வுதான் பாரத்தைப் பிடிக்கிறது. சேற்றில் புதைந்த காலை உருவும்போது பிடித்து இழுக்குமே, அந்த மாதிரி. நடுவில் பாரம் அதிகம் என்பதால் அங்கே நீளமான பைல், நடுவிலிருந்து மூன்று பக்கம் நீளும் இறக்கைகளின் ஓரத்தில் குட்டை. கட்டடம் கொஞ்சம் அமிழ்வது தப்பில்லை, ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் அமிழ்ந்தால்தான் வம்பு.

அப்புறம் உப்பு. நிலத்தடி நீரில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். பைலுக்குள் போய் யார் பார்ப்பது?

ராமநாதபுரம் நண்பர்: கடலோரத்தில் இரண்டு மாடி வீடு கட்டுகிறேன். எனக்கு இதில் ஏதாவது உண்டா?

உப்பு! கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கி நிறுத்திச் சுற்றிலும் கான்கிரீட் மூட இடம்விடும் சின்னக் கட்டை, வைக்காமல் கம்பியை நேராகத் தரையில் போட்டு கான்கிரீட் கொட்டாதீர்கள். ஜித்தாவுக்கும் உங்களுக்கும் ஒரே எதிரிதான்.

சென்னை நண்பர்: லிஃப்ட் கயிறு அவ்வளவு உயரம் தாங்குமா?

எஃகுக் கயிறு 500 மீட்டரோடு சரி, அதற்கு மேல் தன் எடையே தனக்குப் பாரம். கார்பன் இழைக் கயிறு வந்த பிறகுதான் 1000 மீட்டர் பேச முடிகிறது. மிச்சம் லிஃப்ட்காரரிடம்.

குவைத் நண்பர்: எப்போது முடியும்?

மேலே பாருங்கள்.

கோவை நண்பர்: உச்சியில் ஆள் புழங்காத கூம்பையும் சேர்த்து அளப்பது மோசடி இல்லையா?

துபாய் புர்ஜ் கலீஃபாவின் 828 மீட்டரில் 244 மீட்டர் அப்படித்தான். இதுவும் அதே வழிதான், மறுக்கவில்லை.

மதுரை நண்பர் (இடையில்): கலசத்தைக் கழித்துவிட்டா கோயில் கோபுரத்தை அளக்கிறோம்?

கோவை நண்பர்: கலசத்தைக் காட்டி யாரும் ஃபிளாட் விற்பதில்லை!

நல்ல அடி. ஆனால் இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். கட்டடம் ஒரே அகலத்தில் போனால் காற்றுச் சுழல்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே தாளத்தில் உதைக்கும், கட்டடம் ஊஞ்சலாடும். கூம்பிக்கொண்டே போனால் ஒவ்வொரு உயரத்திலும் தாளம் வேறு, காற்று குழம்பிப்போகும். மூன்று இறக்கைகளும் வெவ்வேறு சாய்வில் போவது அதனால்தான். கடைசி ஊசிக்கு இந்தச் சாக்குச் செல்லாது, அது பெருமைக்குத்தான். கோவை நண்பருக்கே பாதி வெற்றி, இதோடு விடுங்கள்.

மதுரை நண்பர்: பாதிதானே!

ரியாத் நண்பர்: ஃபிளாட் விலை என்ன? எப்போது முடியும்?

விலை புரோக்கரிடம். 2028. எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், தள்ளிப்போனால் என்னிடம் வராதீர்கள்.

ராமநாதபுரம் நண்பர்: கலவைக்கு எங்கள் போர் தண்ணீர் போதும், லேசான உப்புதான் என்கிறார் மேஸ்திரி. நாக்கில் வைத்தும் பார்த்தாராம்.

மேஸ்திரி நாக்கு வேண்டாம். ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புங்கள், ரிப்போர்ட் வந்த பிறகு கலவை போடலாம்.