கான்டிலீவர் விட்டம்: நியூட்டன் முறையில் இரண்டாவது அதிர்வெண் ஏன் சிக்குவதில்லை?

தம்பி, ஒரு முனையை இறுகப் பிடித்து மறுமுனையை வெளியே நீட்டிய கான்டிலீவர் விட்டம் எந்த அதிர்வெண்களில் அதிரும் என்று பார்க்க, பாலிடெக்னிக் புராஜெக்டுக்காக காஸ் எக்ஸ் × காஷ் எக்ஸ் = −1 என்ற சமன்பாட்டைப் பைத்தானில் நியூட்டன் முறையில் (வளைகோட்டின் சாய்வைப் பிடித்து அடுத்த ஊகத்துக்குத் தாவும் முறை) போட்டிருக்கிறீர்கள்; காஷ் என்பது ஹைபர்பாலிக் கொசைன். 4-இல் தொடங்கினால் இரண்டாவது மூலத்துக்குப் (சமன்பாட்டுக்குப் பொருந்தும் எக்ஸ் மதிப்புக்குப்) பதில் 7.8548 வருகிறது, பத்தாவது மூலத்தில் லூப் நிற்பதே இல்லை என்கிறீர்கள். புரோகிராம் சரிதான். சமன்பாட்டை அப்படியே −1-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து எழுதியதுதான் வம்பு.

காஷ் படுவேகமாக ஏறும். அதனால் 3.93 பக்கத்தில் வளைகோட்டில் பெரிய பள்ளம் விழுகிறது. நீங்கள் தொடங்கும் 4 அதன் அடிப்பக்கத்தை ஒட்டி இருக்கிறது: மதிப்பு −16.85, சாய்வு வெறும் 2.83. மதிப்பைச் சாய்வால் வகுத்து 4-இலிருந்து கழித்தால் ஒரே தாவலில் 9.96. அங்கிருந்து 7.53, 8.03 என்று அலைந்து 7.8548-இல் போய் உட்கார்ந்துவிடும். நடுவில் இருந்த 4.6941 அம்போ.

பத்தாவது மூலம் 29.845. அங்கே காஷ் மதிப்பு சுமார் 4.6 டிரில்லியன். கணினி அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 3.6 × 10⁻¹⁵ இடைவெளி உண்டு. அது சின்னதுதான், ஆனால் அதில் பாதி பிழை இருந்தாலே, 4.6 டிரில்லியனால் பெருகும்போது எச்சம் (பூஜ்யம் ஆகாமல் மிஞ்சுவது) 0.008 வரைகூட நிற்கலாம். நீங்களோ 10⁻⁶-க்குக் கீழே வந்தால்தான் நிறுத்துவேன் என்கிறீர்கள். எப்படி நிற்கும்?

காஷ் எக்ஸால் வகுத்துவிடுங்கள்: காஸ் எக்ஸ் + 1/காஷ் எக்ஸ் = 0. மூலங்கள் அதேதான், ஆனால் கணினிக்கு இது வேறு கணக்கு. இப்போது 4-இல் தொடங்கினாலும் 4.857, பிறகு 4.693, அடுத்து நேராக 4.6941. நான் நியூட்டனைக்கூட விட்டுவிடுவேன். 0-இலிருந்து π, π-இலிருந்து 2π என்று ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரே ஒரு மூலம்தான். குறி மாறும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, பாதி பாதியாக ஐம்பது முறை வெட்டினால் முடிந்தது. 1.8751, 4.6941, 7.8548, 10.9955 வரும். மூன்றாவதிலிருந்தே 5π/2, 7π/2 என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மூன்றாவதிலேயே வித்தியாசம் 0.0008தான்.

சோதனைக்கு வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டாம். கம்பு நுனிக்குப் போகப்போக மெலியும், கணுக்கள் வேறு; ஈரச்சட்டையைத் தொங்கவிட்டால் சமன்பாடே மாறிவிடும். 1 மி.மீ. தடிமனுள்ள எஃகு ரூலர் எடுத்து 25 செ.மீ. வெளியே நீட்டுங்கள். எஃகுக்கு 200 ஜிகாபாஸ்கல், 7850 கிலோ/கனமீட்டர் என்று வைத்தால் முதல் அதிர்வெண் சுமார் 13 ஹெர்ட்ஸ். கைப்பேசியில் விநாடிக்கு 240 ஃபிரேம் வைத்து எடுத்தால் ஓர் அலைவுக்குப் பதினெட்டு ஃபிரேம் சொச்சம் கிடைக்கும், எண்ணிவிடலாம். அதிர்வெண் எக்ஸின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இரண்டாவது 6.27 மடங்கு, அதாவது 82 ஹெர்ட்ஸ் பக்கம்.

மேசை விளிம்பில் கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள், ஜி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிடி தளர்ந்தால் அளவு கணக்கைவிடக் குறைவாக வரும். அப்புறம் பைத்தானைத்தான் மறுபடி திட்டிக்கொண்டிருப்பீர்கள்.