காதோர நரை

அன்புள்ள ஐயா,

எனக்கு 58 வயது. இரண்டு வருடமாகத் தலைக்கு டை அடிப்பதில்லை. சென்ற மாதம் கொழுந்தன் மகன் கல்யாணத்துக்குப் பட்டு கட்டாமல் சுங்குடிச் சேலையில் போனேன். பெரிய நாத்தனார் எல்லார் முன்னாலும், "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றார். சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். முப்பது வயதில் என்றால் இரண்டு நாள் சோறு இறங்கியிருக்காது. மகளோ, "உனக்கு எல்லாம் விட்டுப்போச்சும்மா" என்கிறாள். இது பக்குவமா, மனசு மரத்துப்போனதா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

சிரித்ததைவிட, பந்திக்குப் போனதுதான் எனக்குப் பிடித்தது.

வயதானால் பக்குவம் தானாக வந்துவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் கீழே போய்விட்டதென்று எண்பது வயதில் மண்டபத்தைவிட்டு எழுந்துபோனவர் எங்கள் உறவிலேயே உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது: இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்று மனசு போடும் கணக்குதான் ஆளை மாற்றுகிறது. காலம் நிறையக் கிடக்கிறது என்று தோன்றும்வரை, யார் எதற்கு உதவுவார்களோ என்று எல்லாரையும் சேர்த்துவைக்கிறோம். அது சுருங்கியதும் நெருக்கமானவர்கள் போதும் என்றாகிவிடுகிறது.

ஹாங்காங் 1997 ஜூலையில் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்குப் போனது. அதற்கு ஒரு வருடம் முன்பு கார்ஸ்டென்சனும் சகாக்களும் அங்குள்ளவர்களிடம், ஓய்வு நேரம் கிடைத்தால் யாரோடு கழிப்பீர்கள் என்று கேட்டார்கள். நெருங்கியவர்கள்தான் வேண்டும் என்றவர்கள் முதியவர்கள். இளைஞர்களுக்கு அந்தச் சாய்வு இல்லை. கைமாற இரண்டு மாதமே இருந்தபோது, ஒரு காலம் முடியப்போகிறது என்ற நினைப்பு நெருங்கிய வேளையில் கேட்டால், இளைஞர்களும் முதியவர்களைப் போலவே பதில் சொன்னார்கள். கைமாறி ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது இளைஞர்கள் பழையபடி! இருபது வயதுக்காரருக்கும் உங்கள் 58 வயது மனசு கொஞ்ச காலத்துக்கு வந்து போயிருக்கிறது.

மரத்துப்போனதா என்று கேட்கிறீர்கள். நாத்தனார் பேச்சுக்கு நீங்கள் எனக்கு எழுதவில்லை, அதைப் பந்தியோடு முடித்துவிட்டீர்கள். மகள் சொன்ன ஒரு சொல் உறுத்தித்தான் இந்தக் கடிதமே வந்திருக்கிறது. ஊர் வாய்க்குக் காது கொடுப்பதை நிறுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மகளிடம் மட்டும், என்ன விட்டுப்போச்சு என்று உட்கார்ந்து கேளுங்கள். அவள் சேலையைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

எனக்கு 64. இன்னும் டை அடிக்கிறேன். போன மாதம் ஒரு கூட்டத்துக்கு அவசரமாகக் கிளம்பியதில் காதோரம் விட்டுப்போய்விட்டது. இரண்டு மணி நேரமும் அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்தபடி மேடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "காது வலியா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.