வாங்கியவர் கேள்வி: கூலன்ட் ஃபில்டரும் போர்த் தண்ணீரும்

சென்ற முறை பிக்கப் வண்டியின் ரேடியேட்டரைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்குக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன; அவற்றில் பெரும்பாலானவை, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டை வடிகட்டும் கூலன்ட் ஃபில்டரைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றை மட்டும் சுருக்கி எடுத்துக்கொண்டேன்.

நான்கு வயதான டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு நடை கோத்தகிரி ஏறி, கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மண்டிக்கு இறங்குகிறேன். 7,800 ரூபாய்க்குக் கூலன்ட் ஃபில்டர் மாட்டினால், "ஏழு வருசத்துக்கு இன்ஜின் பக்கமே போக வேண்டாமுங்க" என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா? (மேட்டுப்பாளையம்)

அந்த ஏழு வருடத்தை அவர் எழுதிக் கொடுப்பாரா என்று முதலில் கேளுங்கள்.

கூலன்ட் ஃபில்டர், இன்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட் முழுவதையும் ஒரே மூச்சில் வடிகட்டுவதில்லை. வழக்கமாக, கேபினைச் சூடாக்கும் ஹீட்டரின் ஹோஸிலிருந்து ஒரு கிளை பிரித்து, சிறிதளவு கூலன்டை மட்டும் ஃபில்டருக்குள் விட்டு, அங்கிருந்து கூலன்ட் டப்பாவுக்குத் திருப்புவார்கள். வண்டி ஓட ஓட, மொத்தக் கூலன்டும் தவணை முறையில் அதன் வழியாக வந்துபோகும். துரு, இன்ஜினை வார்த்தபோது தங்கிவிட்ட வார்ப்பட மணல், பெயர்ந்து வந்த உப்புப் பொருக்கு, கேஸ்கட் துணுக்கு ஆகியவற்றை அது பிடித்து வைக்கும். பெரிய லாரி இன்ஜின்கள் பலவற்றில் கம்பெனியே இதைப் பொருத்தித் தருகிறது. நம் ஊரில் ஓடும் சிறு பிக்கப்புகளில் பெரும்பாலும் இது வருவதில்லை. காலத்தில் கூலன்டை மாற்றினால் அந்த இன்ஜின்களுக்கு அதுவே போதும்.

ஆகவே, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டப்பா மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கூலன்ட் தெளிவாக இருந்தால் 7,800 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும். துரு கலந்து கலங்கியிருந்தால், அந்தப் பணத்தில் ரேடியேட்டரையும் இன்ஜினையும் அலசி, புதுக் கூலன்ட் ஊற்றி, தேவைப்பட்டால் தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் மாற்றிய பிறகும் மிச்சம் இருக்கும். வண்டிக்கு வாரண்டி மீதமிருந்தால், ஹோஸை வெட்டியதைக் காட்டியே கம்பெனி கையை விரிக்கக்கூடும். இன்னொன்று: உங்களுடையது ஹீட்டர் இல்லாத மாடல் என்றால் அதில் ஹீட்டர் ஹோஸே இருக்காது. அப்படியானால் மெக்கானிக் எந்த ஹோஸை வெட்டப் போகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு பணத்தை எடுங்கள்.

கூலன்ட் விலை கட்டுப்படியாகவில்லை. போர்த் தண்ணீரை ஊற்றிவிட்டு ஃபில்டர் மாட்டினால், தண்ணீரில் இருக்கும் உப்பை அது பிடித்துக்கொள்ளுமா? (அவிநாசி)

பிடிக்காது. கரைந்த உப்பை வடிகட்டியில் பிடிக்க முடியுமென்றால், உங்கள் வீட்டில் காப்பித்தூள் வடிகட்டியிலேயே நல்ல தண்ணீர் எடுத்திருப்பார்கள்.

இணையத்தில் 6,200 ரூபாய்க்குக் கூலன்ட் ஃபில்டர் செட் வாங்கினேன். மூன்றே மாதத்தில் டப்பாவில் நார் நாராக மிதந்தது. வேறொரு பட்டறையில் ஃபில்டரை வெட்டிப் பார்த்ததில், அது பெயிண்ட் மாற்றிய சாதாரண ஆயில் ஃபில்டர் என்றார்கள். விற்றவர், "பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். ஒரே வண்டி, நானே ஓட்டுகிறேன். சரக்கு வண்டி என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது என்கிறார்கள். (திருச்செங்கோடு)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் செய்ததில் தவறு எதுவும் இல்லை. ஃபில்டரை வெட்டிப் பார்த்தது, இந்த வாரம் எழுதியவர்களில் யாரும் செய்யாத நல்ல காரியம்.

ஆயில் ஃபில்டரின் காகிதமும் பசையும் ஆயிலுக்கென்று செய்யப்பட்டவை. சூடான கூலன்டில் மாதக்கணக்கில் ஊறினால் காகிதம் நைந்து பிரியும். உங்கள் டப்பாவில் மிதந்த நார் அதுதான். மேலும், பெரும்பாலான ஆயில் ஃபில்டர்களுக்குள் ஒரு பைபாஸ் வால்வு இருக்கும். அடைப்பு ஏற்பட்டதும் அது திறந்துகொண்டு, வடிகட்டாமலேயே விட்டுவிடும்.

சரக்கு வண்டி என்பதால் வழக்குப் போட முடியாது என்று சொன்னவர் பாதிச் சட்டத்தை மட்டுமே படித்திருக்கிறார். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை விலக்குகிறது என்பது உண்மை. ஆனால், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்தும் பொருளை வாங்கியவர் அந்த விலக்கில் சேரமாட்டார் என்றும் அதே பிரிவு விளக்குகிறது. பத்து வண்டியும் பத்து ஓட்டுநரும் வைத்திருப்பவரின் கதை வேறு. ஒரே வண்டியைத் தானே ஓட்டும் நீங்கள் நுகர்வோர்தான்.

குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது இந்தச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்று அது வரையறுக்கிறது. உங்களுக்கு அந்த 30 நாள் கடந்துவிட்டது என்று விற்றவர் வாதிடலாம். ஆனால் ஒரு பொருளின் பெயரைச் சொல்லி வேறொரு பொருளைத் தலையில் கட்டிய குற்றச்சாட்டுக்கு அந்த வாதம் பதிலாகாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, கெடு இரண்டு ஆண்டுகள். பில், பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் படம், வெட்டிய ஃபில்டர் ஆகிய நான்கையும் பத்திரப்படுத்துங்கள். அந்த ஃபில்டரை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் தன் ஃபோர்டு டீசல் பிக்கப்பில் முதல் வேலையாகக் கூலன்ட் ஃபில்டர் மாட்டினாராம். அங்கே அவசியமானது இங்கே எப்படி வேண்டாததாகும்? (கோவை, கணபதி)

மச்சான் சொல்வது அவருடைய இன்ஜினுக்குச் சரி. 2003 முதல் 2007 வரையிலான மாடல்களில் ஃபோர்டு வைத்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினாக அது இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதைச் செய்து கொடுத்தது நேவிஸ்டார் கம்பெனி. அந்த இன்ஜினில் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர், இன்ஜினின் நடுப் பள்ளத்தில் புதைந்திருக்கும். கூலன்ட் ஓடும் அதன் வழிகள் மிகக் குறுகலானவை. வார்ப்பில் தங்கிப்போன மணலும், கூலன்டிலிருந்து பிரிந்து படியும் பொருளும் அந்த வழிகளை அடைத்துவிடும். அந்தக் கூலரைத் தாண்டித்தான் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலருக்குக் கூலன்ட் போகிறது என்பதால், முன்னது அடைத்தால் பின்னது காய்ந்து வெடிக்கும். ஆயிலின் சூடு கூலன்டின் சூட்டைவிட 15 பாரன்ஹீட் டிகிரிக்கு மேல் ஏறினால் கூலர் அடைக்கிறது என்று அந்த வண்டிக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

வார்ப்பட மணல் எவ்வளவு பிடிவாதமானது என்பதைக் கணபதிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; உங்கள் தெருவிலேயே பவுண்டரி இருக்கும். அந்த இன்ஜினுக்கு இருந்த நோய்க்குக் கூலன்ட் ஃபில்டர் மருந்து. உங்கள் வண்டிக்கு அந்த நோய் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மச்சான்களின் பேச்சைக் கேட்டு நானும் கெட்டிருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்த ஒரு ஃபில்டர் தாங்கியை ஆசையாக வாங்கினேன். அதன் மரை 11/16 அங்குலம். நான் ஏறி இறங்கிய உள்ளூர்க் கடை எதிலும் அதற்குப் பொருந்தும் ஃபில்டர் கிடைக்கவில்லை. இப்போது என் மேசையில் கடிதங்கள் பறக்காமல் அதுதான் பார்த்துக்கொள்கிறது. எதை வாங்கினாலும், மாற்று ஃபில்டர் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத் தாங்கியை வாங்குங்கள்.

பச்சைக் கூலன்ட் நல்லதா, சிவப்பு நல்லதா? மூன்று லிட்டர் சிவப்பு வாங்கி, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி எட்டு லிட்டராக நிரப்பினேன். ஆறே மாதத்தில் துரு நிறமாகிவிட்டது. ஃபில்டர் போட்டால் சரியாகுமா? (பல்லடம்)

இந்தக் கேள்விக்காகத்தான் பல வருடமாகக் காத்திருக்கிறேன். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

நிறம் வெறும் சாயம். எந்த நிறத்துக்கு எந்தத் துருத்தடுப்பு மருந்து என்று எல்லாக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொன்றின் பச்சையாக இருக்கலாம். புடவை எடுப்பதைப்போல நிறம் பார்த்துக் கூலன்ட் எடுக்கிறோம், கடைக்காரரும் "பச்சையா, சிவப்பா?" என்றுதான் கேட்கிறார். கேட்க வேண்டியது வேறு: வண்டியின் கையேட்டில் எந்தத் தரம் எழுதியிருக்கிறது, அந்தத் தரம் கேனின் மேல் இருக்கிறதா? ஐ.எஸ். 5759 என்பது இந்தியத் தரம், ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்க அமைப்பின் தரங்களில் டி3306 இலகு வாகனங்களுக்கும், டி6210 கனரக இன்ஜின்களுக்கும் உரியவை. இவற்றில் எதுவுமே இல்லாமல் மலைச்சிகரத்தின் படம் மட்டும் போட்ட கேனை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் செய்த கணக்குக்கு வருகிறேன். கூலன்ட் இரண்டு வகையில் விற்கிறது. ஒன்று கெட்டியானது, அதைத் தண்ணீரோடு, வழக்கமாகச் சரிபாதியாக, கலக்க வேண்டும். மற்றொன்று கலந்தே வருவது. அப்படியே ஊற்ற வேண்டும். இரண்டின் கேனும் ஒரே அளவு, ஒரே படம், ஒரே எழுத்து. "நேரடியாகப் பயன்படுத்தலாம்" என்ற வரி மட்டும், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் பின்பக்கம் இருக்கும். சரிபாதி கலந்த கேன் என்று வைத்துக்கொண்டால், மூன்று லிட்டரில் சரக்கு ஒன்றரை லிட்டர்தான். அதன்மேல் ஐந்து லிட்டர் பல்லடத்துத் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். எட்டு லிட்டரில் ஒன்றரை என்றால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அது கூலன்ட் அன்று. சிவப்புச் சாயம் போட்ட போர்த் தண்ணீர். துரு பிடிக்காமல் வேறு என்ன செய்யும்?

சரிபாதி என்பது குளிருக்காகச் சொல்வது, நமக்கு எதற்கு என்று சிலர் வாதிடுகிறார்கள். சரிபாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது உண்மை. ஊட்டியின் உறைபனிக்குக்கூட அவ்வளவு தேவைப்படாது. ஆனால் அதே கலவைதான் கொதிநிலையை மூடியின் அழுத்தம் இல்லாமலேயே 107 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதிலிருக்கும் மருந்துதான் துருவைத் தடுக்கிறது. மருந்து நீர்த்துப்போனால் பாதுகாப்பும் நீர்த்துப்போகும்.

விலையையும் பாருங்கள். என் ஊர்க் கடையில் கெட்டியானது லிட்டர் 420 ரூபாய், கலந்தது 260. கலந்தது மலிவு என்று எடுத்துப் போகிறார்கள். 420 ரூபாய்க் கேனோடு 20 ரூபாய்க்கு ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் இரண்டு லிட்டர் கிடைக்கிறது. லிட்டர் 220 ரூபாய் ஆகிறது. கலந்ததை வாங்குபவர், லிட்டருக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார். கலக்கச் சோம்பல் என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் அதில் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஃபில்டர் இதற்கு உதவாது. முழுதும் இறக்கி, அலசி, மறுபடி நிரப்புங்கள்.

ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள்தூள் போட்டோம். நின்றுவிட்டது. இப்போது ஃபில்டர் மாட்டலாமா? (கரூர்)

மஞ்சள் ஓட்டையை அடைக்கும், ஃபில்டரையும் அடைக்கும், ரேடியேட்டரின் நல்ல குழாய்களையும் விட்டுவைக்காது. ஒழுகலைப் பற்றவைத்துச் சரிசெய்துவிட்டு எழுதுங்கள்.

தேங்காய் வண்டி. வால்பாறை ஏறுவதும் உண்டு. முன்பு வைத்திருந்தவரே கூலன்ட் ஃபில்டர் பொருத்தியிருக்கிறார். எப்போது, எப்படி மாற்றுவது? மருந்து வைத்த ஃபில்டரா, வெறும் ஃபில்டரா? (பொள்ளாச்சி)

கடைசிக் கேள்விக்கு முதல் பதில். சில ஃபில்டர்களுக்குள் மருந்து வைத்து விற்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கூலன்டில் சேரும். பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்களான லைனர்களைச் சுற்றிக் கூலன்ட் நேரடியாக ஓடும் கனரக இன்ஜின்களில், லைனர் அதிரும்போது எழும் குமிழ்கள் வெடித்து வெடித்து அதன் வெளிச்சுவரில் ஊசித்துளை போடும். அதைத் தடுக்க வந்தது அந்த மருந்து. உங்கள் வண்டியில் நீண்ட ஆயுள் கூலன்ட் ஊற்றியிருந்தால் வெறும் ஃபில்டர்தான் சரி. மருந்து அதிகமானாலும் அது கூழாகப் படிந்து வாட்டர் பம்ப்பைக் கெடுக்கும்.

மாற்றும் முறை கடினமானதன்று. இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். ஃபில்டருக்கு இருபுறமும் வால்வு இருந்தால் இரண்டையும் மூடுங்கள். இல்லையென்றால் முதல் செலவாக அவற்றைப் பொருத்துங்கள். கீழே அகலமான தட்டு வைத்துக் கழற்றுங்கள். பழைய ரப்பர் வளையம் தாங்கியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் சிறிது கூலன்ட் தடவி, அது தாங்கியைத் தொட்டபின் முக்கால் சுற்றுக் கையால் இறுக்குங்கள், ஸ்பானர் வேண்டாம். வால்வுகளைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒழுகல் பாருங்கள். ஆறியபின் டப்பாவில் குறைந்ததை அதே கூலன்டால் நிரப்புங்கள். சூடான வண்டியில் ஃபில்டர் மட்டும் குளிர்ந்திருந்தால் அதற்குள் ஓட்டம் இல்லை என்று பொருள்: வால்வு மூடியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், சில வண்டிகளில் ஹீட்டர் குமிழை மூடினாலே அந்தக் கிளை நின்றுவிடும்.

முன்பு எப்போது மாற்றினார்கள் என்று தெரியாததால் இப்போதே மாற்றி, பழையதை வெட்டிப் பாருங்கள். மணலும் துருவும் நிறைய இருந்தால் ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள். சுத்தமாக இருந்தால் ஆயில் மாற்றும் நாள்களில் ஒன்றுவிட்டு ஒன்றில் மாற்றினால் போதும். வடித்த கூலன்டைத் தென்னை மரத்தடியில் ஊற்றாதீர்கள். அது இனிக்கும் விஷம். நாயும் ஆட்டுக்குட்டியும் நக்கிக் குடிக்கும்.

மூடியையும் பாருங்கள். ஒருமுறை 90 ரூபாய்க்குப் பெயரில்லாத ரேடியேட்டர் மூடி வாங்கிப் போட்டேன். மறுநாள் காலையில் மேல் ஹோஸ், சாறு பிழிந்த கரும்புச் சக்கைபோலச் சப்பிக் கிடந்தது. இன்ஜின் ஆறும்போது காற்றை உள்ளே விட வேண்டிய சிறு வால்வு அந்த மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கூலன்ட் ஃபில்டர் எல்லாம் போட்டு ராஜா மாதிரி வைத்திருந்த வண்டி" என்று ஒரு பழைய பிக்கப் வந்தது. பார்த்தவுடன் பிடித்துப்போய் 20,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. நல்ல வண்டியா? (பெருந்துறை)

ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுத்த நீங்கள், பார்க்காமலே பதில் சொல்ல என்னைக் கேட்கிறீர்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்கியிருக்கமாட்டீர்கள் என்பதும் தெரிகிறது; இன்றே போய் எழுதி வாங்குங்கள். நாளை காலை, விற்பவர் இன்ஜினைச் சூடேற்றி வைப்பதற்கு முன் போய், கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ போயிருக்கும். தெளிவாக இருந்தால், உங்கள் செலவில் புது ஃபில்டர் வாங்கித் தருவதாகச் சொல்லி, இருக்கும் ஃபில்டரைக் கழற்றி வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.