கடன் வாங்கும்போது பிளாட் வட்டி, ரெட்யூசிங் வட்டி, ஏபிஆர் என்கிறார்களே, எளிமையாகச் சொல்ல முடியுமா?

எங்கள் ஊரில் யாரிடம் கடன் கேட்டாலும் "எத்தனை வட்டி?" என்றுதான் பேச்சே தொடங்கும். ஒரு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது வருடத்துக்கு 12 சதவீதம். பைக் வாங்க நான் ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனபோது அங்கிருந்தவரும் "ஒரு வட்டிதான் சார், பிளாட்" என்றார். தெரிந்த கணக்குதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த 'பிளாட்' என்ற சொல்லில்தான் எல்லாமே இருந்தது.

ஒரு லட்சம் கடன், 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்டில் முழு லட்சத்துக்கும் இரண்டு வருட வட்டி 24,000 ரூபாயை முதல் நாளே சேர்த்துவிடுவார்கள், மொத்தத்தை 24-ஆல் வகுத்தால் மாதம் 5,167. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் அடைத்துக்கொண்டுதானே வருகிறீர்கள்? ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதி அசல் அடைந்திருக்கும், வட்டி மட்டும் கடைசிவரை முழு லட்சத்துக்கு ஓடும். ஊரில் ஒரு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியவர் ஐம்பதாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் ஐநூறு ரூபாய்தான் வட்டி தருவார், யாரும் ஆயிரம் கேட்க மாட்டார்கள்.

அந்த ஊர்க்கணக்குதான் ரெட்யூசிங். மீதி இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி. அதே 12 சதவீதம் ரெட்யூசிங்கில் என்றால் தவணை 4,707, மொத்த வட்டி சுமார் 13,000தான். திருப்பிச் சொன்னால், 12 சதவீத பிளாட் என்பது உண்மையில் சுமார் 21.5 சதவீதம், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் வட்டிக்கும் மேல்!

சரி, ஏபிஆர்? செயலாக்கக் கட்டணம் என்று 2,000 பிடித்துக்கொண்டு 98,000தான் கையில் கொடுக்கிறார்கள், ஆனால் தவணை முழு லட்சத்துக்கு. அதையும் சேர்த்தால் மேலே சொன்ன பிளாட் கடன் 23.7 சதவீதம் ஆகிவிடும். இப்படிக் கட்டணங்களையும் சேர்த்துச் சொல்லும் ஆண்டு விகிதம்தான் ஏபிஆர்.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஏபிஆர் போட்ட முக்கிய விவரத் தாளை, கேஎஃப்எஸ் என்பார்கள், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துக்கு முன்னால் கேட்டு வாங்கி அந்த ஒரு வரியைப் பாருங்கள். இரண்டு இடங்களில் விசாரித்தால், ஒரே தொகை, ஒரே மாதக் கணக்கு வைத்து ஏபிஆரை ஒப்பிடுங்கள்.