வேலைநீக்கக் கடிதம் வந்து ஐந்து வாரம்: பொது விசாரணை கேட்பதா, கோர்ட்டுக்குப் போவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"நான் முப்பது வருடம் பால்மரம் வெட்டி, கடைசிக் காலத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்து ஓய்வு பெற்றவன். என் மகள் ஒரு அரசாங்க ஆராய்ச்சிக் கழகத்தில் ஆறு வருடமாக நிரந்தர வேலையில் இருந்தாள். ஆராய்ச்சித் தகவலை வெளியே கொடுத்துவிட்டாள் என்று சொல்லி, அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார்கள். லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். பிறகு வேலைநீக்கக் கடிதம் வந்தது. அது வந்து ஐந்து வாரம் ஆகிறது. போலீசிலும் புகார் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். கனடாவில் இதே மாதிரி நடந்து, பொது விசாரணை வேண்டும் என்று ஊரே கேட்டதாமே? நாங்களும் எம்.பி.யைப் பார்த்து அரச விசாரணை ஆணையம் கேட்கலாமா? இல்லை, தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டுமா?"

ஐயா, முதலில் நாள்காட்டியை எடுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது கனடாவும் இல்லை, எம்.பி.யும் இல்லை, அந்த "ஐந்து வாரம்"தான். விசாரணை ஆணையம் கேட்பதற்குக் கெடு எதுவும் கிடையாது, அடுத்த வருடம்கூடக் கேட்கலாம். உங்கள் மகள் தன் வேலைக்காகப் போராடுவதற்குக் கெடு உண்டு. அது கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கெல்லாம் ஒரு வழிதான் மனப்பாடம்: அநியாயமாக நிறுத்திவிட்டால் 60 நாளுக்குள் மனு, பிறகு சமரசப் பேச்சு, ஒத்து வராவிட்டால் தொழில் நீதிமன்றம். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அது. அந்த மனு தொழிலாளர் இலாகாவுக்குக்கூடப் போவதில்லை. பெயர்ப்பலகையில் 'ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹாஆன்' என்று போட்டிருக்கும் தொழில் உறவு இலாகாவுக்குப் போக வேண்டும். இடம் மாறிப் போய் நாளைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த வழி உங்கள் மகளுக்கு அநேகமாகத் திறக்காது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அரசாங்க ஊழியர்களையும் சட்டப்படி அமைக்கப்பட்ட கழகங்களின் ஊழியர்களையும் அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ரப்பர் வாரியம், செம்பனை வாரியம், மார்டி என்ற விவசாய ஆராய்ச்சிக் கழகம் போன்றவை எல்லாம் அப்படி அமைக்கப்பட்ட கழகங்கள்தான். அரசிதழில் தனியாக அறிவித்தால்தான் விதிவிலக்கு. தோட்டத்தில் செக்ரோலில் (வேலையாள் பதிவேட்டில்) பேர் இருந்த உங்களுக்கு இருந்த பாதுகாப்பு, படித்துப் பட்டம் வாங்கி அரசாங்க ஆராய்ச்சிக்குப் போன மகளுக்கு இல்லை. கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மகள் வேலை செய்த இடம் எந்த வகை என்பதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும், அந்த 60 நாள் மனுவையும் போட்டு வையுங்கள். செலவு இல்லை. உங்கள் கணக்கில் இன்னும் 25 நாள் பாக்கி.

சரி, அவருக்கு உள்ள உண்மையான வழி எது? நேரடி அரசாங்க ஊழியராக இருந்தால், தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 135-ஆவது விதியே சொல்கிறது. கழக ஊழியர் என்றால் அந்த விதி நேராகப் பொருந்தாது. அவர்களுக்கென்று, கழக ஊழியர்களின் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய 2000-ஆம் ஆண்டின் 605-ஆவது சட்டம் இருக்கிறது. இரண்டிலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். வேலைநீக்கம் வரை போகக்கூடிய குற்றச்சாட்டு என்றால், இன்ன நாளில் இன்னதைச் செய்தாய் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் எழுத 21 நாள் தர வேண்டும். அதன் பிறகுதான் முடிவு. அரை மணி நேரம் அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டது இதற்கு ஈடாகாது. ஆகவே மகளிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தகவலைக் கொடுத்தாயா இல்லையா" என்பது இல்லை. "குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தார்களா? பதில் எழுத எத்தனை நாள் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள்.

கழகத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய 14 நாள்தான். அது போய்விட்டது. போனாலும் பரவாயில்லை, தாமதத்துக்குக் காரணம் எழுதி இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். "உள்ளே இருந்த வழியை ஏன் பயன்படுத்தவில்லை" என்று பின்னால் நீதிபதி கேட்பார். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு. முடிவு தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். முதலில் அனுமதி கேட்க வேண்டும், அனுமதி கிடைத்த பிறகுதான் முழு விசாரணை. மகள் நல்லவரா, ஆராய்ச்சி சரியா என்றெல்லாம் நீதிமன்றம் அதிகம் தோண்டாது. முறைப்படி நடந்தார்களா என்று பார்க்கும். நடக்கவில்லை என்றால் முடிவை ரத்து செய்யலாம், வேலை பற்றியும் சம்பளப் பாக்கி பற்றியும் உத்தரவு போடலாம். ஈப்போவில் நிர்வாகச் சட்ட வழக்கு நடத்திப் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள். நிலம் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட வழக்கறிஞர் வேண்டாம்.

இப்போது கனடாவுக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் பாதிக் கதைதான் உங்களுக்கு வந்திருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், 2012 செப்டம்பரில், சுகாதார அமைச்சகத்தில் மருந்து ஆராய்ச்சி தொடர்பாக வேலை செய்துகொண்டிருந்த பலர் நீக்கப்பட்டார்கள். ஒப்பந்தக்காரரையும் சேர்த்து எட்டுப் பேர் பாதிக்கப்பட்டார்கள். தகவலைத் தவறாகக் கையாண்டார்கள், ஒப்பந்தம் கொடுத்ததில் முறைகேடு என்பது குற்றச்சாட்டு. போலீசிடம் விஷயத்தைக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் மார்கரெட் மெக்டயர்மிட் பொதுமக்களுக்கே அறிவித்தார். பிறகு பார்த்தால் போலீஸ் அப்படி ஒரு முழு விசாரணை நடத்தவே இல்லை. அந்த எட்டுப் பேரில் ஒருவர் முனைவர் பட்ட மாணவர். பயிற்சிக் காலம் முடிய மூன்றே நாள் இருக்கும்போது நீக்கப்பட்டவர். சில மாதங்களுக்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பொது விசாரணை வேண்டும் என்ற குரலில் மிகப் பலமானது அவருடைய சகோதரியின் குரல். அவர் கேட்டது பணம் இல்லை. யார் முடிவெடுத்தார்கள், எதை வைத்து எடுத்தார்கள் என்று கேட்டார். வழக்கறிஞர் மார்சியா மெக்நீல் 2014-இல் ஒரு மீளாய்வு செய்தார். அதிகாரம் குறைவான மீளாய்வு, ஆவணங்களும் போதவில்லை. யார் முடிவெடுத்தது என்பதே அதில் தெளிவாகவில்லை. கோரிக்கை இன்னும் வலுத்தது. 2015-இல் அரசாங்கம் பொது விசாரணை ஆணையத்துக்குச் சம்மதிக்காமல், சட்டமன்றக் குழு வழியாக மாநிலக் குறைகேள் அதிகாரி ஜே சாக்கிடம் விஷயத்தை ஒப்படைத்தது. மூடிய கதவுக்குள் நடக்கும் விசாரணை என்று பலருக்கும் அதிருப்தி. 2017 ஏப்ரலில் அறிக்கை வந்தது. உள்விசாரணை குற்றம் நடந்துவிட்டது என்ற முடிவோடே நடந்திருக்கிறது, நீக்கியது நியாயமில்லை என்று சொல்லி 41 பரிந்துரைகளைக் கொடுத்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு மன்னிப்பு, இழப்பீடு, இறந்த மாணவர் பெயரில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் 5,00,000 டாலர் உதவித்தொகை நிதி ஆகியவையும் அதில் அடக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலரை வருடம்.

அந்த நாலரை வருடமும் அவர்கள் ஆணையத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை, ஐயா. தொழிற்சங்க உறுப்பினர்கள் சங்கம் மூலம் முறையீடு செய்து சமரசத்துக்கு வந்தார்கள். வழக்குப் போட்டவர்களில் சிலருடன் அரசாங்கமே சமரசம் பேசியது. சிலரை அமைச்சகமே திரும்பச் சேர்த்துக்கொண்டது. வேலையும் பணமும் ஒரு வழியில் வந்தன, உண்மை வேறு வழியில் மெதுவாக வந்தது. உங்கள் மகளுக்கும் இரண்டு வழியும் வேண்டியிருக்கலாம். முதல் வழியை விட்டுவிட்டு இரண்டாவதில் நின்றால் கையில் ஒன்றும் தங்காது.

நம் நாட்டில் அரச விசாரணை ஆணையம் 1950-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ் அமைவது. கூட்டரசு அதிகாரியின் நடத்தை, அரசாங்க இலாகாவின் நிர்வாகம், பொது நிறுவனத்தின் நிர்வாகம் எல்லாம் அதன் எல்லைக்குள் வரும். ஆகவே சட்டப்படி கேட்கலாம். ஆனால் அமைப்பது மாமன்னர், நடைமுறையில் அமைச்சரவை மனது வைத்தால்தான். அறிக்கையும் மாமன்னரிடம்தான் போகும். நீதிபதி நியமனம் பற்றி ஒரு வழக்கறிஞர் பேசியதாகச் சொல்லப்பட்ட லிங்கம் வீடியோ (ஆணையம் அமைந்தது 2007 இறுதியில்), ஊழல் தடுப்பு ஆணைய விசாரணைக்குப் போன இடத்தில் இறந்துபோன அரசியல் உதவியாளர் தியோ பெங் ஹோக்கின் மரணம் (ஆணையம் 2011-இல்) என்று நாடே கொதித்த விஷயங்களுக்குத்தான் ஆணையம் வந்தது. தியோவின் குடும்பம் அந்த அறிக்கையோடு திருப்தி அடையவும் இல்லை. ஒரே ஒரு ஊழியரின் வேலைநீக்கத்துக்கு ஆணையம் வரும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். அதே கழகத்தில் இன்னும் மூன்று, நான்கு பேர் இப்படி நீக்கப்பட்டிருந்தால் பேச்சே வேறு. மகளை மெதுவாக விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கனடாவில் பல உண்மைகள் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிய ஆவணங்களில்தான் வெளிவந்தன. இங்கே சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநில அளவில் அப்படிச் சட்டம் உண்டு, கூட்டரசுக் கழகத்துக்கு அது உதவாது. அதனால் மகளிடம் இப்போது இருக்கும் கடிதங்கள்தான் சொத்து. அவர் பெயருக்கு வந்தவை, சம்பளச் சீட்டு, வேலை மதிப்பீடு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் ஆராய்ச்சிக் கோப்புகள் எதுவும் வீட்டில் இருந்தால் அவற்றைக் காட்டி நியாயம் கேட்கப் போக வேண்டாம், ஃபேஸ்புக்கில் போடவே வேண்டாம். "தகவலை வெளியே கொடுத்தாள்" என்ற குற்றச்சாட்டுக்கு நாமே சாட்சி தேடிக் கொடுத்ததாகிவிடும். 1972-ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வ ரகசியச் சட்டம் விளையாட்டு இல்லை. அந்தக் கோப்புகளை என்ன செய்வது என்று வழக்கறிஞர் சொல்லட்டும்.

போலீஸ் புகார் என்று சொன்னார்கள் அல்லவா? புகார் எண்ணும் தேதியும் என்ன என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். கனடாவில் அந்த வார்த்தை வருடக்கணக்கில் அவர்கள் தலைமேல் தொங்கியது, உள்ளே ஒன்றும் இல்லாமலேயே. உங்களுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எண் இருந்தால் தெரியவரும், பதிலே வராவிட்டால் அதுவும் வழக்கறிஞருக்குப் பயன்படும். போலீஸ் உண்மையிலேயே கூப்பிட்டால் வழக்கறிஞரோடு போகட்டும்.

மகளைத் தனியாக விடாதீர்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாணவரைப் பற்றி எழுதும்போது எனக்கு அதுதான் மனதில் ஓடியது. பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கிறார் என்றால் மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, எந்த நேரமும் கூப்பிடலாம். நாங்களெல்லாம் வெட்டிய 'ஆர்ஆர்ஐஎம் 600' என்ற பால்மர வகையை உருவாக்கியதே இப்படி ஒரு கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள்தான் என்று நீங்கள் அவருக்கு ஒருநாள் சொல்லிப் பாருங்கள். தன் வேலை அப்பாவுக்குப் புரியும் என்று தெரிந்தால் கொஞ்சம் தெம்பு வரும்.

எம்.பி.யைப் பார்ப்பது தப்பில்லை. சீராய்வு மனுவைப் போட்ட பிறகு பாருங்கள், கேள்வியை நாடாளுமன்றத்தில் எழுப்பச் சொல்லுங்கள். அதற்கு முன் வேலைநீக்கக் கடிதம் வந்த உறையைத் தேடி எடுங்கள். கையொப்பம் வாங்கிக் கொடுத்தார்களா, தபாலில் வந்ததா, எந்தத் தேதி முத்திரை? மூன்று மாதக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். உறையைக் குப்பையில் போட்டிருந்தால், தேதியை இன்றைக்கே மகளை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.