இறக்கத்தில் ஆறிப்போகும் ஹீட்டர்

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். ஏற்றத்தில் ஹீட்டர் ஓரளவு சூடாக வருகிறது, இறக்கத்தில் ஜில்லென்று ஆகிவிடுகிறது. போன கோடையில் இன்ஜின் அதிகமாகச் சூடானதால் கோவையில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டுப் பழுது பார்த்தேன். அதனால் வந்த வினையா?

பதில்: அப்படித்தான் தோன்றுகிறது. கார் ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. இன்ஜினைக் குளிர்விக்க அதைச் சுற்றிவரும் திரவமான கூலன்ட்டில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குள் போய்வரும். அதன் வழியாக ஃபேன் ஊதும் காற்றுதான் உங்கள் காலுக்கு வருகிறது.

கூலன்ட் 80, 90 டிகிரியைத் தொடும்வரை அதை முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட் வால்வு. வண்டி சூடாகிறது என்று போனால் சில மெக்கானிக்குகள் இதைக் கழற்றித் தூரப் போட்டுவிடுவார்கள். கோவை வெயிலில் குறை தெரியாது. மலையில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் எரிவதே சொற்பம், அந்தக் கொஞ்சச் சூட்டையும் பெரிய ரேடியேட்டர் வாங்கிக்கொள்ளும். டேஷ்போர்டில் வெப்பநிலை முள் இருந்தால் பாருங்கள். ஏற்றத்தில் நடுவில் நின்று இறக்கத்தில் கீழே சரிந்தால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

அதற்கு முன் கூலன்ட் அளவைப் பாருங்கள். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். டேஷ்போர்டுக்குள் களக் களக்கென்று சத்தம் கேட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது. முன்சீட்டுக் கால்மிதி ஈரமாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கசிவு அந்தக் குட்டி ரேடியேட்டரில்தான்.

அப்புறம், இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வண்டியை அணைத்து, இன்ஜினிலிருந்து அந்தக் குட்டி ரேடியேட்டருக்குப் போய்வரும் இரண்டு ரப்பர் ஹோஸ்களை ஒரு துணியால் லேசாகத் தொடுங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் துரு படிந்து இப்படி ஆவது சகஜம். இரண்டும் நன்றாகச் சுட்டும் காற்று குளிர்ந்தால், சூடு குளிர் மாற்றும் திருகின் கேபிளோ உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மடலோ கோளாறு. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் மறுபடி வால்வுதான்.

புது வால்வு பெரிய செலவில்லை. ஆனால் மாட்டும் முன் கோடையில் இன்ஜின் ஏன் சூடானது என்று கேளுங்கள். ரேடியேட்டர் ஃபேனோ வாட்டர் பம்ப்போ பழுதாக இருந்து, அதைச் சரிசெய்யாமல் வால்வை மட்டும் கழற்றியிருந்தால், மார்ச் மாதம் மேட்டுப்பாளையம் இறங்கியதும் பழைய தொல்லை திரும்பும்.