பார்ட் எழுதாத எட்டு ஆண்டுகள்

அன்புள்ள ஐயா,

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் 1968 முதல் 1976 வரை எதுவுமே எழுதவில்லை என்று படித்தேன். முப்பத்து மூன்று வயதில் ஒருவர் வாய்மூடிக்கொள்வது இழப்பில்லையா? அல்லது அதைத் தவம் என்று கொள்ளவேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

தவம் என்ற சொல்லைக் கலைஞர்கள் விஷயத்தில் நாம் சற்றுத் தாராளமாகவே செலவிடுகிறோம். அந்த ஆண்டுகளில் பார்ட் எழுதாமல் இருக்கவில்லை. 1971இல் மூன்றாம் சிம்பொனியை எழுதினார். பிழைப்புக்காகத் திரைப்படங்களுக்கும் இசையமைத்தார். (மௌனக் கதைக்கு இடைஞ்சல் என்பதாலோ என்னவோ, அந்தப் படங்களை யாரும் குறிப்பிடுவதில்லை.) அவர் கைவிட்டது அதுவரை பழகியிருந்த முறையைத்தான்.

அப்போது சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்த எஸ்தோனியாவின் வானொலியில் ஒலிப்பதிவாளராக இருந்தபோதே, 1960இல் ‘நெக்ரோலாக்’ என்ற படைப்பில் பன்னிரு சுரங்களையும் வரிசைப்படுத்தும் முறையைக் கையாண்டு சோவியத் இசைத்துறை அதிகாரிகளின் கண்டனத்தைப் பெற்றவர் அவர். 1968இல் எழுதிய ‘கிரெடோ’வில் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் சி மேஜர் பிரெலூட் என்ற சிறு இசைத்துண்டைப் பேரிரைச்சல் வரை கொண்டுசென்று சிதைத்து, மீண்டும் அதனிடமே திரும்பினார். இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன் என்ற லத்தீன் வரி அதில் வெளிப்படையாக ஒலித்ததால், அதன்பின் அதை மேடையேற்ற விடவில்லை. ஆனால் தடை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்த இரைச்சலைத் தாண்டி அதே வழியில் போக இடமில்லை.

பிறகு அவர் செய்தது பள்ளிப்பிள்ளையின் வேலை. கிரிகோரியன் துதிப்பாடல்கள் எனப்படும் பழைய திருச்சபைப் பாடல்களையும் இடைக்காலப் பலகுரல் இசையையும் பயின்று, ஒற்றைக்குரல் மெட்டுகளை நோட்டு நோட்டாக எழுதிக் குவித்தார்.

அதன் பலன் 1976இல் வந்த ‘ஃபூர் அலினா’ என்ற இரண்டு பக்கப் பியானோ இசை. அடியில் பி சுரம் ஒலித்து, பெடலின் பிடியில் தம்புராவின் ஆதார சுருதிபோல நீண்டு கிடக்கிறது. வலக்கை அடுத்தடுத்த சுரங்களில் நடக்க, இடக்கை பி, டி, எஃப் ஷார்ப் என்ற மூன்றுக்குள்ளேயே நிற்கிறது. வரிக்கு ஒரு சுரமாகக் கூடி, பிறகு ஒவ்வொன்றாகக் குறைகிறது. ஒரே ஓரிடத்தில் மட்டும் இடக்கை சி ஷார்ப்பைத் தொடுகிறது. அதுவரை காதைப் பழக்கிவைத்திருப்பதால், அந்த ஒற்றைச் சுரமே ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது.

மறு ஆண்டே ‘ஃப்ராத்ரெஸ்’, ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவுக்கான ‘காண்டஸ்’, ‘டாபுலா ராசா’ ஆகிய மூன்றும் வந்தன. 1980இல் நாட்டைவிட்டு வெளியேறி வியன்னாவுக்கும், பிறகு பெர்லினுக்கும் சென்றார். 1984இல் வெளியான ‘டாபுலா ராசா’ இசைத்தட்டுதான் அவரை உலகறியச் செய்தது. அவருடைய குறிப்பேடுகள் இப்போது எஸ்தோனியத் தலைநகர் தாலினுக்கு அருகே, லௌலாஸ்மாவில் உள்ள அவர் பெயரிலான மையத்தில் இருக்கின்றன. இழப்பா என்று கேட்டீர்கள்; முதலில் ‘கிரெடோ’வையும் உடனே ‘ஃபூர் அலினா’வையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்